இரண்டு விரல்களுக்கு நடுவே

பாகின் சூட்டை அளக்க மாமி ஒரு வெப்பமானி வாங்கி வந்தார். ஒரு முழ நீளம், உள்ளே சிவப்புக் கோடு, மேலே பித்தளை வளையம். ஒரு வாரம் கழித்து, பாகு காய்ச்சுகிறவளிடம் அதைப் பற்றி விசாரித்தார்.

“ஏண்டி, அந்த மெஷின் எங்கேடி?”

“பாகுக்குள்ள கெடக்கு மாமி.”

“எவ்வளவு காட்டறது?”

“அது என்னமோ காட்டிக்கிட்டு கெடக்கும். நான் பாக்கல.”

மாமி மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, முந்தானையில் துடைத்து, மாட்டிக்கொண்டு குனிந்தார். அதற்குள் அவள் கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டுப் பாகை வலது சுட்டுவிரலில் வாங்கி, கட்டைவிரலால் தொட்டு, இரண்டையும் மெதுவாகப் பிரித்தாள். நடுவில் மெல்லிய கம்பி ஒன்று நின்றது. உடனே அடுப்பைத் தணித்தாள். மாமி அளவைப் படித்து முடித்தபோது கடலை மாவு உள்ளே போயிருந்தது.

“சொன்னா கேக்க மாட்டேங்கறாளே இவ,” என்று மாமி என்னிடம் முறையிட்டார். அன்றைய மைசூர்பாகில் குறை சொல்ல எதுவும் இல்லை. நான் இரண்டு துண்டு தின்றேன்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. அவள் உடம்பைப் பற்றி எழுதப் போகிறேன். இரண்டையும் ஒன்றாக அச்சில் ஏற்றுவது முறையல்ல. நாகர்கோவில் பக்கத்துக்காரி. அப்போது வயது இருபத்தாறு, கல்யாணமாகி இரண்டு வருடம். கணவன் திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். வலியசாலையில் மாமியின் வீட்டு மாடியில் இரண்டு குடித்தனங்கள். ஒன்றில் அவர்கள், மற்றதில் நானும் என் கணவரும். கீழே பின்கட்டில் மாமியின் இனிப்புக் கூடம். அக்கிரகாரத்துக் கல்யாணங்களுக்குச் சீர் பட்சணம் அங்கிருந்துதான் போகும். மற்றவர்கள் பொரிப்பார்கள், உருட்டுவார்கள், துண்டு போடுவார்கள். பாகு மட்டும் அவள் பொறுப்பு. லட்டுக்கு ஒரு கம்பி, அதிரசத்துக்குத் தண்ணீரில் விட்டால் உருளும் பதம், பருப்புத்தேங்காய்க்குத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்கும் பதம். எதற்கும் அவள் கடிகாரம் பார்த்து நான் கண்டதில்லை.

நான் திருநெல்வேலிக்காரி. ஒரு தமிழ் நாளிதழின் திருவனந்தபுரம் அலுவலகத்தில் உதவி ஆசிரியர். அப்போது எனக்கு முப்பத்து நான்கு. கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை.

மாடிக் குடித்தனங்கள் இரண்டுக்கும் மொட்டைமாடி பொது, துணிக்கொடியும் பொது. நாங்கள் பேசியதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கொடியின் இரண்டு பக்கமும் நின்றுதான். அவர்கள் குடிவந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலையில் போர்வைக்கு மேலாகத் தலையை நீட்டிச் சொன்னாள்:

“அக்கா, இன்னைக்குக் கம்பி வந்துட்டு.”

நான் இனிப்புக் கூடத்தைப் பற்றிச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். “என்ன ஸ்வீட்?” என்று கேட்டேன்.

அவள் போர்வையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஸ்வீட்டா! எனக்கு அக்கா. எனக்குக் கம்பி வந்துட்டு.” இடது கையைத் தூக்கி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் பிரித்துக் காட்டினாள். “நேத்து வரைக்கும் கஞ்சிதான். இன்னைக்கு முட்டை வெள்ளை மாதிரி, கண்ணாடியா இழுபடுது. ரெண்டு அங்குலம் வந்துது. அவரை இன்னைக்குச் சீக்கிரம் வரச் சொல்லணும்.”

எனக்குக் காது சூடாயிற்று. கருமுட்டை வெளிவரும் நாட்களில் கருப்பைவாயில் சுரக்கும் திரவம் தெளிந்து, வழுவழுப்பாகி, நூல்போல் இழுபடும் என்பது எனக்குத் தெரியும். மருத்துவப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ‘கருப்பைவாய்ச் சளி’ என்று முதலில் போட்டேன். தலைமை உதவி ஆசிரியர், வாசகர்கள் இருமல் மருந்து கேட்டுக் கடிதம் போடுவார்கள் என்றார். ‘திரவம்’ ஆக்கினேன். ஆனால் அதை ஒருத்தி விரலால் தொட்டுப் பார்த்துத் துணிக்கொடியில் அறிவிப்பாள் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

“இதெல்லாம் பண்ணிட்டா பாகைத் தொடுத?” என்றேன்.

“அய்யோ, இது இடது கையாக்கும். வலது கை மாமிக்கு. அதுல நான் கரெக்ட்.” சோப்பு போட்டுக் கழுவும் முறையையும் விவரித்தாள். அவளிடம் வெட்கம் கொஞ்சமும் இல்லை, வெட்கத்தை விட்டுவிட்டோம் என்ற பெருமையும் இல்லை. மழை வருமா என்று வானத்தைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவள் பார்வையிலிருந்து மற்றவர்களும் தப்பியதில்லை. மாடிப்படியில் நின்றுகொண்டு, “மாமிக்கு இன்னைக்குப் பிரஷர் ஏறிக் கெடக்கு,” என்பாள். “எப்படித் தெரியும்?” என்றால், “டம்ளரை வைக்குத சத்தம் கேட்டியளா?” மாலையில் மாமி மருத்துவரிடம் போய்வந்து தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் கணவர் வேலை மாறப் போகிறார் என்பதை அவர் என்னிடம் சொல்வதற்கு முன் அவள் சொன்னாள். செருப்பை வாசலில் எந்தப் பக்கம் பார்த்துக் கழற்றுகிறார் என்பதை வைத்து. ஒன்றைப் பார்த்தாள் என்றால் சொல்லிவிடுவாள். சொன்னது சரியாக இருந்தால் அதைக் கொண்டாடவும் மாட்டாள். “தெரியும்லா,” என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

நான் அதற்கு நேரெதிர்த் தொழிலில் பழகியவள். ஒருவர் சொன்னால் அது தகவல். இரண்டாவது ஒருவர் உறுதி செய்தால்தான் செய்தி. என் உடம்பு விஷயத்திலும் அப்படித்தான் நடந்துகொண்டேன். கைப்பேசியில் நாள் கணக்குச் செயலி, சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டைகள், மருத்துவமனையில் ஒன்று விட்டு ஒருநாள் ஸ்கேன். முட்டை எத்தனை மில்லிமீட்டர் என்று திரையைப் பார்த்துச் சொல்வார்கள், நான் குறித்துக்கொள்வேன். எனக்குள் நடப்பதை எனக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. அவள் பல் தேய்ப்பதற்கு முன் இரண்டு விரலில் தெரிந்துகொண்டாள்.

நானும் முயன்று பார்த்தேன் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். குளியலறைக் கதவைத் தாழிட்டு, விளக்கைப் போட்டு, இரண்டு விரலையும் பிரித்தேன். ஒரு நாள் எதுவும் இல்லை. ஒரு நாள் ஏதோ இருந்தது, அது கஞ்சியா கம்பியா என்று சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது நாள் கம்பி என்று தோன்றியது. பட்டையை நனைத்தால் பட்டை இல்லை என்றது. அதோடு விட்டுவிட்டேன். கொடியின் அந்தப் பக்கம் அவள் ஏதோ மலையாளப் பாட்டை முணுமுணுத்தபடி துணி உதறுவது கேட்டது. எனக்கு அந்தப் பாட்டின் மேலேயே எரிச்சல் வந்தது.

ஆற்றுகால் பகவதி கோயில் பொங்காலைக்கு, பெண்கள் அடுப்புக் கூட்டத் தெருவெல்லாம் செங்கல் அடுக்கியிருந்த வாரம் அது. நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் என் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, இந்த மாசம் வத்தல.”

“எது?”

“கம்பி போனதும் காயும்லா எனக்கு? கோந்து மாதிரி கொஞ்சம் ஒட்டும், அப்புறம் ஒண்ணும் இருக்காது. இந்தத் தடவை காயல. வெள்ளையா, பாலாட்டம் வந்துகிட்டே இருக்கு. பால்கோவா இறுகுததுக்கு முந்தி ஒரு பதம் உண்டு பாருங்க, அது. நின்னுட்டுன்னு நினைக்கேன் அக்கா.”

மாதவிலக்கு வருவதற்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அதையும் அவளே சொன்னாள்.

நான் பையில் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்தபடி, எங்கள் நாளிதழில் பத்தி எழுதும் மருத்துவரின் குரலிலேயே பதில் சொன்னேன். முட்டை வெளிவந்த பிறகு எல்லா மாதமும் திரவம் கெட்டியாகி வெள்ளையாவது உண்டு. கரு தங்கினாலும் அப்படி ஆகலாம், தங்காவிட்டாலும் ஆகலாம். சிலருக்கு ஒரு மாற்றமும் தெரியாது. இதை வைத்து எந்த மருத்துவரும் உறுதி சொல்ல மாட்டார். சோதனை செய்யாமல் வாயைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு வாக்கியமும் சரி. சொல்லும்போது எனக்குள் இருந்தது வேறு. அவள் இந்த ஒரு தடவை தவறாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். பேருந்தில் போகும்போதும் விரும்பினேன். நான்கு நாளும் காலையில் கொடிப்பக்கம் போனதும் அவள் முகத்தில் முதலில் அதைத்தான் தேடினேன்.

பத்தாவது நாள் அவள் சோதனைப் பட்டையை ஒரு காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து என் கையில் வைத்தாள். இரண்டு கோடு.

“எனக்கு வேண்டாம் அக்கா, எனக்கு முந்தியே தெரியும்லா. உங்களுக்குத்தானே ரெண்டு சாட்சி வேணும்? அதான் வாங்கினேன்.”

கேலி இல்லை. என்மேல் உள்ள அக்கறையில் செய்திருந்தாள். நான் வாழ்த்தினேன். சர்க்கரை டப்பாவைத் திறந்து அவள் வாயில் கொஞ்சம் போட்டேன். அவள் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டு, “மாமிகிட்ட சொல்லாதீங்க, இனிப்புன்னா உமட்டுதுன்னு தெரிஞ்சா வேலைக்கு வைக்க மாட்டாவ,” என்றாள். கதவைச் சாத்திய பிறகு அந்தப் பட்டையை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தேன். இரண்டாவது கோடு மங்கலாக இருக்கிறதா என்று. இல்லை. தெளிவாக இருந்தது.

அந்த வாரம் என் மருத்துவப் பக்கத்துக்கு இதே பொருள் வந்தது. பத்தி எழுதும் மருத்துவர் மலையாளத்தில் பேசிக் குரல்பதிவு அனுப்புவார், நான் கேட்டுத் தமிழில் எழுதுவேன். யார் கேட்ட கேள்விக்காக அவர் இதைப் பேசினார் என்று சொல்ல வேண்டியதில்லை, நான்தான் கேட்டிருந்தேன். கட்டுரை நான்கு பத்தி. முதல் பத்தி, மாதம் முழுக்க இந்தத் திரவம் எப்படி மாறும் என்று. இரண்டாவது, கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் வெள்ளையாக, நீர்த்த பால்போல அதிகமாகும், பலருக்கு அது இயல்பு என்று. மூன்றாவது, கருப்பைவாயில் அது கெட்டியாகத் திரண்டு, பிரசவம் வரை கிருமி உள்ளே போகாமல் மூடிபோல அடைத்துக்கொள்ளும் என்று. நான்காவது, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், துர்நாற்றம் இருந்தால், அரிப்போ எரிச்சலோ இருந்தால், ரத்தம் கலந்தால், காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்று.

பக்கம் முடிகிற நேரத்தில் ஒரு துணிக்கடை விளம்பரம் வந்தது. ஒரு பத்தி போக வேண்டும். எங்கள் தொழிலில் வெட்டுவது கடைசியிலிருந்து. செய்தியில் முக்கியமானது முதலில் இருக்கும், கீழே போகப்போக இல்லாவிட்டாலும் பாதகமில்லாதது. சேர்ந்த முதல் வாரத்திலேயே கையில் படிந்துவிடும் பழக்கம் இது. மருத்துவர்கள் அப்படிப் பேசுவதில்லை. அவர்கள் எச்சரிக்கையைக் கடைசியில் வைப்பார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் கை பழக்கப்படி நான்காவது பத்தியை எடுத்தது. அன்றைக்கு அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, நேரம்தான் இல்லை.

அவள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உட்புறத்தில் சோற்றுப் பருக்கையால் ஒட்டினாள். மூன்றாவது பத்தியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள்.

“மூடி! பாத்தியளா, உள்ள பாகு கல்லாட்டம் இறுகி வாயை அடைச்சிரும். பிள்ளை பத்திரமா கெடக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரல அக்கா. நீங்க போட்டுத்தான் தெரியுது.”

அவளுக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லிக்கொடுத்தேன் என்ற திருப்தி எனக்கு ஒரு வாரம் இருந்தது.

பிறகு என் முறை வந்தது. மருத்துவமனையில் செய்ய வேண்டியதைச் செய்து, பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். தினமும் இரண்டு வேளை உள்ளே வைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். கரு தங்குவதற்கு உதவும் ஹார்மோன். எட்டாவது நாள் காலையில் பார்த்தேன். வெள்ளை. கெட்டியாக, பாலாடைபோல. ஒன்பதாவது நாளும். பத்தாவது நாள் இன்னும் அதிகம். அவள் சொன்ன பதம் அப்படியே. இரண்டு விரலையும் பிரித்துப் பார்த்தேன், எனக்கும் கடைசியில் வாசிக்கத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவது சாட்சி வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. கணவரிடம்கூடச் சொல்லாமல் மொட்டைமாடிக்குப் போய் அவளிடம் சொன்னேன். நான் முதலில் சொல்ல விரும்பியது அவளிடம்தான்.

அவள் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள். எத்தனை நாளாக, காலையிலா மாலையிலா, துகள் துகளாக இருக்கிறதா, வழுவழுப்பாகவா. நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு கேட்டாள்:

“மாத்திரை ஏதும் உள்ள வைக்கியளா அக்கா?”

“ஆமா.”

அவள் துணியைக் கொடியில் போட்டு, இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சரி செய்தாள். “அது மாத்திரை கரைஞ்சு வாறதாக்கும்,” என்றாள். “உங்களுக்க உடம்புல உள்ளது இல்ல. அதை நம்பிராதீங்க. டெஸ்ட் எடுத்துப் பாத்துக்கிடுங்க.”

என் வார்த்தையை எனக்கே திருப்பிக் கொடுத்தாள். ஐந்து நாள் கழித்து சோதனை செய்தேன். ஒரே கோடு. அவள் சொன்னது சரி. மருத்துவமனையில் அந்த மாத்திரையை எடுத்துத் தந்த செவிலியும் பிறகு அதையேதான் சொன்னார், எல்லோருக்கும் வெள்ளையாகக் கசியும் என்று. அவள் பத்தாம் வகுப்பு. நான் மருத்துவப் பக்கத்தின் பொறுப்பாளர். அன்று முதல் காலையில் அவள் துணி காயப்போட்டு முடித்தபின்தான் நான் மேலே போனேன்.

எனவே, அவள் மூன்றாம் மாதத்தில் ஒரு காலை என்னைத் தேடி வந்தபோது நாங்கள் பேசி இருபது நாளாவது ஆகியிருக்கும். நான் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே வந்து, கதவை ஒட்டி நின்றாள். முதன்முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். நாலு நாளா ஒரு வாடை இருக்கு. மஞ்சப்பா வருது. அரிக்கவும் செய்யுது. பதம் சரியில்லன்னு எனக்குத் தோணுது. நீங்க போட்டதை மறுபடி படிச்சேன், அதுல வாடையப் பத்தி ஒண்ணும் இல்ல. அதான்.”

நான்காவது பத்தி எனக்கு மனப்பாடம். மஞ்சள், நாற்றம், அரிப்பு. மூன்றும் இருந்தன.

“இந்த மாசத்துல அதிகமாத்தான் இருக்கும்,” என்றேன். “எல்லாருக்கும் உள்ளதுதான்.”

“பேப்பர்ல போட்டிருக்கது அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அச்சில் வந்தது அவ்வளவுதான் என்பது உண்மை. நான் சொன்னதில் யாராலும் பிழை காட்ட முடியாது. “செரி அக்கா,” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கிளம்பி அலுவலகத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

அலுவலகத்தில் முதல் ஒரு மணி நேரம் நான் அமைதியாகவே இருந்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு விபத்துச் செய்தி வந்தது, நீளமாக இருந்தது, கடைசியிலிருந்து வெட்ட ஆரம்பித்தேன். கடைசிப் பத்தியில், காயமடைந்தவர்களின் உறவினர்கள் தொடர்புகொள்ள வேண்டிய இடம் இருந்தது. அங்கே கை நின்றது. எழுந்து வராந்தாவுக்குப் போய் அவளைக் கைப்பேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை. மாமியை அழைத்தேன்.

“அவளா? அவ இங்கே இல்லையே. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னுட்டு அடுப்பை அணைச்சுட்டுப் போயிட்டா. அரை உருளிப் பாகு அப்படியே ஒறஞ்சு கெடக்கு. என்னிக்கும் இப்படிப் பண்ண மாட்டாளே. என்னடி விஷயம், நோக்குத் தெரியுமோ?”

தெரியாது என்றேன். அன்றைய இரண்டாவது பொய் அது. முதலாவதில் வார்த்தைகளாவது சரியாக இருந்தன.

அரசு மருத்துவமனையில் மகளிர் பிரிவு வராந்தாவில் நீண்ட பெஞ்சுகள். அவள் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், கையில் சீட்டு, மடியில் பிளாஸ்டிக் பை. வலது கை விரல்களில் பாகு காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. கழுவக்கூட நிற்காமல் வந்திருக்கிறாள்.

“நீங்க எதுக்கு வந்திய? ஆபீஸ் இல்லையா?” என்றாள்.

அருகில் உட்கார்ந்தேன். முன் பெஞ்சில் இருந்த பெண்ணின் பின்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: “காலைல நான் சொன்னது முழுசா இல்ல. டாக்டர் இன்னொரு பத்தி சொல்லியிருந்தாங்க. வாடை இருந்தா உடனே காட்டணும்னு. இடம் இல்லன்னு வெட்டிட்டேன். எனக்குத் தெரியும்.”

“எனக்கும் தெரியும்லா,” என்றாள்.

நான் திரும்பினேன்.

“அந்தப் பத்தி தெரியாது. நீங்க மறைக்கியன்னு தெரியும். என் மூஞ்சியப் பாக்காமப் பேசினிய. ஒரு ஜாக்கெட்டை மடிச்சு வச்சிய, அதையே எடுத்துப் பிரிச்சு மறுபடி மடிச்சிய. மூணு வாட்டி.” விரலில் காய்ந்த பாகை நகத்தால் உரித்துக்கொண்டே சொன்னாள். “மாமி டம்ளரை வைக்குத மாதிரிதான்.”

அவள் நிறுத்தவில்லை.

“உங்களுக்கு என்மேல பொறாமைன்னு கம்பி வந்துட்டுன்னு சொன்ன அன்னைக்கே தெரியும். இருக்கத்தானே செய்யும்? எட்டு வருசமாச்சுல்லா. எனக்கா இருந்தா இதுக்கு மேலயும் பண்ணியிருப்பேன்.” பிறகு சீட்டை நீவிவிட்டாள். “எனக்கு முன்ன ஒண்ணு போச்சு அக்கா. ஊர்ல. அப்பவும் இப்படித்தான் வாடை வந்துது. எங்க மாமியார்கிட்ட சொன்னேன். ‘எல்லாருக்கும் உள்ளதுதான்’னு சொன்னாவ. நீங்க சொன்ன அதே பேச்சு. அப்ப எனக்குப் பதம் பாக்கத் தெரியாது, சொன்னதைக் கேட்டுட்டு இருந்துட்டேன். பதினோரு நாள். அதுக்கப்புறம்தான் தெனமும் பாக்க ஆரம்பிச்சது.”

நான் பொறாமைப்பட்டது இதற்கு. கடவுள் அவளுக்குக் கொடுத்து எனக்குக் கொடுக்காமல் விட்டது என்று எட்டு மாதமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது இது.

“இப்பவும் போயிருமா அக்கா?” என்றாள். “மூடி இன்னும் நல்லா இறுகியிருக்காதுல்லா?”

அவளுக்குத் தெரியாத இரண்டாவது விஷயம். எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன்.

உள்ளிருந்து செவிலி, “முப்பத்தேழு! வேகம் வா!” என்று கூப்பிட்டார். அவள் பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. கதவு திறந்தபோது மருத்துவரின் குரல் கேட்டது: “பேடிக்கண்டா. மருந்நு தீர்க்கணும், கேட்டோ?” பயப்படாதே, மருந்தை முழுசும் முடி என்று. கிருமித் தொற்று. குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கவும் வைத்திருக்கிறார்கள். அவள் அழுதுகொண்டே வந்து, பையைக் கேட்காமல், என் பக்கத்தில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டு ஒரு துண்டு மைசூர்பாகை எடுத்துப் பாதி எனக்குக் கொடுத்தாள். அது கொஞ்சம் இறுகியிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் விடுபட்ட அந்தப் பத்தியைத் தனியாகக் கட்டம் கட்டிப் பக்கத்தின் தலையில் போட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவள் அதையும் கத்தரித்து, பழையதற்கு மேலே ஒட்டினாள். ஏழாம் மாதம் ஊருக்குப் போனாள். அங்கேயே கணவனுக்கு வேலை கிடைத்தது, திரும்பி வரவில்லை. மாமி வெப்பமானியைத் தேடி எடுத்தார். அதன் குழாயைச் சுற்றிச் சர்க்கரை பூத்திருந்தது, எண்கள் தெரியவில்லை.

எனக்குக் குழந்தை இல்லை. சிகிச்சையை நிறுத்தி மூன்று வருடமாகிறது. எழுத வந்தது அவளைப் பற்றி என்பதால் அதற்கு இந்த ஒரு வரி போதும்.

போன மாதம் பழவங்காடியில் அவளைப் பார்த்தேன். பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்க வந்திருந்தாள், வேண்டுதலாம். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. இடுப்பில் இரண்டாவது பிள்ளை, பெண், ஒரு வயது. மூத்தவன் அப்பாவோடு செருப்புக் காவலுக்கு நின்றான். அவள் என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நலம் விசாரித்தோம். நான் சிரித்தேன், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன், என் தோள்பையின் வாரைச் சரி செய்தேன். மறுபடி சரி செய்தேன்.

அவள் பார்வை என் கைக்குப் போயிற்று.

“இன்னும் இருக்குல்லா அக்கா?” என்றாள்.

“இருக்கு,” என்றேன்.

“தெரியும்லா,” என்று சிரித்தாள். பெண்ணை என் கையில் திணித்துவிட்டுத் தேங்காய்களை எடுத்துக்கொண்டு போனாள். குழந்தை ஒன்பது கிலோ இருக்கும். என் கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியது. விடுவித்தபோது அதன் உதட்டுக்கும் என் விரலுக்கும் நடுவில் எச்சில் கம்பியாக இழுபட்டு, வெயிலில் ஒரு நொடி நின்றது. அது அறுந்து விழுவதற்குள் அவள் உடைக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நான் எண்ணவில்லை. குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அவள் நிறைய தேங்காய் வாங்கியிருந்தால் நல்லது என்று நினைத்தபடி.